காப்பது வேறு, காட்டுவது வேறு

குருமடத்தில் கற்ற எந்தப் பாடத்திலும் விடை இல்லாத கேள்விகள் சில உண்டு. அத்தகைய கேள்வி ஒன்றை 2016-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில், ஒருவர் என்னிடம் கொண்டுவந்தார். அப்போது நான் அமெரிக்க நாட்டின் மத்திய மேற்கு மாநிலம் ஒன்றில், சிறு நகரப் பங்கு ஒன்றில் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தேன். நம் பக்கத்திலிருந்து அந்நாட்டிற்குப் பணிக்குச் செல்லும் குருக்கள் பலர் உண்டு. அவர்களுள் நானும் ஒருவன்.

வந்தவருக்கு நாற்பது வயது நிறைந்திருக்கும். கட்டடங்களுக்கு மின்கம்பி அமைப்பவர். ஞாயிறுதோறும் ஆலயத்தின் கடைசி வரிசையில் அமர்ந்துவிட்டு, எவரிடமும் பேசாமல் வெளியேறுபவர். அவர் கூறியதை அவருடைய அனுமதியோடுதான் இங்கே எழுதுகிறேன், அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன். அது ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டதன்று. காப்பிக் கோப்பைகளை நடுவில் வைத்துக்கொண்டு இருவரும் பேசியதே.

"ஃபாதர், என் தந்தையின் குரல் ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. அதைக் கேட்க எனக்கு உரிமை உண்டா?" என்று அவர் கேட்டார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவரே விளக்கினார்.

1980-களில் அவர் சிறுவராக இருந்தபோது, ஓர் ஆய்வு மையத்தினர் அவர் வீட்டுக் கதவைத் தட்டினர். எந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் பின்னாளில் குடிக்கும் போதைக்கும் இரையாகின்றனர், எந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் தப்பிக்கின்றனர் என்பதைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து அறிவதே அவர்களுடைய நோக்கம். அவருடைய தந்தை குடிப்பவர். தாய் சற்றுத் தயங்கி ஒப்புக்கொண்டார். அது முதல் குறித்த இடைவெளியில் தந்தை, தாய், அண்ணன், அவர் என நால்வரும் அந்த மையத்திற்குச் சென்றனர். அங்கே ஓர் அறை, ஒரு மேசை, நான்கு நாற்காலிகள், சுவரில் ஓர் ஒளிப்படக் கருவி. "உங்கள் வீட்டில் எதைப் பற்றி அடிக்கடி சண்டை வருகிறதோ, அதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுங்கள்" என்று சொல்லிவிட்டு, ஓர் இளம்பெண் கதவைச் சாத்திக்கொண்டு போவாள். பிறகு வந்து, "இனி நால்வரும் சேர்ந்து ஒரு விடுமுறை நாளுக்குத் திட்டமிடுங்கள்" என்பாள். பேசியதெல்லாம் ஒளிநாடாவில் பதிவாகும். வீடு திரும்பும்போது கையில் ஒரு சிறு தொகை தருவார்கள்.

"என் தந்தை கல்லீரல் கெட்டு 51 வயதில் இறந்தார். எங்கள் வீட்டில் படக்கருவி கிடையாது. அவருடைய குரல் வேறெங்கும் பதிவாகவில்லை. எனக்கு நினைவிருப்பதெல்லாம், நள்ளிரவில் வண்டிக் கொட்டகையின் கதவு திறக்கும் ஓசையும், அந்த ஓசை கேட்டதும் என் தாய் விளக்கை அணைப்பதும்தான். ஆனால் அந்த அறையில், விடுமுறையைப் பற்றிப் பேசியபோது, அவர் ஒருமுறை வாய்விட்டுச் சிரித்ததாக ஓர் எண்ணம். அவர் உண்மையிலேயே சிரித்தாரா, அல்லது நானாகக் கற்பித்துக்கொண்டேனா? அந்த நாடாவுக்குத் தெரியும்."

இவ்வாறு சொல்லிவிட்டு அவர் காப்பிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு விடை தெரியவில்லை. தெரிந்துகொண்டு சொல்கிறேன் என்றேன். அன்றிலிருந்து நான் அறிந்துகொண்டவற்றையே உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

*

எங்கள் பங்கிலேயே, வேறோர் ஊரில் இத்தகைய ஆய்வுக்கூடம் ஒன்றில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற அம்மையார் ஒருவர் இருந்தார். குடும்பங்கள் பேசுவதை ஒளிநாடாவில் பார்த்து, ஒவ்வொரு சொல்லையும் செயலையும் குறியீடாக மாற்றுவது அவருடைய வேலை. செவியில் கேட்பொறிகளை மாட்டிக்கொண்டு, அதே பத்து நிமிடத்தை முன்னும் பின்னும் ஓட்டி, யார் யாரிடம் என்ன செய்தார், அதற்கு மற்றவர் என்ன செய்தார் என்று வரிசையாகக் குறிக்க வேண்டும். ஒருவர் குறித்ததை மட்டும் நம்பிவிட மாட்டார்கள். வேறொருவர் தனியே அமர்ந்து அதே நாடாவைப் பார்த்துக் குறிப்பார். இரண்டும் போதிய அளவு ஒத்திருந்தால்தான் கணக்கில் சேரும்.

"இதில் என்ன தெரிந்துவிடும் அம்மா?" என்று கேட்டேன்.

"குடும்பம் தன்னைப் பற்றிச் சொல்வதற்கும், நாடாவில் அது நடந்துகொள்வதற்கும் உள்ள தூரம் தெரியும், ஃபாதர்" என்றார் அவர்.

இந்த முறைக்கு வழி வகுத்தவர்களுள் முதன்மையானவர், ஓரிகன் மாநிலத்தில் பணியாற்றிய ஜெரால்ட் பேட்டர்சன் என்ற உளவியலாளர். ஒளிநாடா பரவலாவதற்கு முன்பே, அவருடைய குழுவினர் மாலை உணவு வேளையில் வீடுகளுக்கே சென்று ஒரு மூலையில் அமர்ந்து குறிப்பெடுத்தனர். தொலைக்காட்சி ஓடக் கூடாது, அனைவரும் வீட்டில் இருக்க வேண்டும், அவ்வளவே நிபந்தனை. வீட்டாரின் நடத்தையை 29 வகையாகப் பிரித்து, சில நொடிகளுக்கு ஒருமுறை குறித்தனர். 1982-இல் அவர் வெளியிட்ட நூலில் கண்ட முடிவு, பிள்ளை பெற்ற எவருக்கும் பழக்கமான காட்சிதான். தாய் ஒரு வேலையைச் சொல்கிறாள். பிள்ளை சிணுங்குகிறது. தாய் குரலை உயர்த்துகிறாள். பிள்ளை அலறுகிறது. களைத்துப்போன தாய், "எப்படியோ போ" என்று விட்டுவிடுகிறாள். அலறல் உடனே நிற்கிறது. அலறினால் வெல்லலாம் என்று பிள்ளையும், விட்டுக்கொடுத்தால் அமைதி கிடைக்கும் என்று தாயும் அந்த ஒரே நொடியில் கற்றுக்கொள்கின்றனர். நாள்தோறும் பலமுறை நடக்கும் இந்தச் சிறு பாடம், ஆண்டுகள் செல்லச் செல்ல வீட்டையே ஒரு போர்க்களமாக்குகிறது. எந்தத் தாயிடம் வினாத்தாளை நீட்டினாலும் இதை எழுதித் தர இயலாது. ஏனெனில் அது நிகழ்வது அவளுக்கே தெரியாது.

மிச்சிகன் மாநிலத்தில் ராபர்ட் ஸக்கர் என்பவரும் அவருடைய குழுவினரும் 1980-களில் தொடங்கிய நெடுங்கால ஆய்வு இன்னொன்று. குடித்துவிட்டு வண்டி ஓட்டித் தண்டனை பெற்ற தந்தையரைக் கண்டறிந்து, அவர்களுடைய மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளை, அதே சுற்றுப்புறத்தில் வாழும் குடிநோய் இல்லாத குடும்பத்துப் பிள்ளைகளோடு ஒப்பிட்டு, மூன்றாண்டுக்கு ஒருமுறை கவனித்துவந்தனர். பள்ளிக்கூட வாசலைக்கூட மிதிக்காத குழந்தைகள் மதுவின் மணத்தை முகர்ந்து, அது இன்னது என்று அடையாளம் சொல்லினர் என்பதை இக்குழுவைச் சார்ந்தோர் 1990-இல் வெளியிட்ட கட்டுரை காட்டிற்று. வீட்டில் பெரியவர்கள் மிகுதியாகக் குடிக்கும் குழந்தைகளுக்கு அது இன்னும் எளிதாக இருந்தது. நாம் கற்பிக்கிறோம் என்று எண்ணாதபோதே பிள்ளைகள் கற்றுக்கொண்டுவிடுகின்றனர்.

மூன்றாவதாக ஒன்று, குருவாகிய என்னை மிகவும் சிந்திக்கவைத்தது. ஸ்டீவன் வோலின், லிண்டா பென்னட் ஆகியோர் 1980-இல் வெளியிட்ட ஆய்வு அது. குடிப்பவர் உள்ள குடும்பங்களில், இரவு உணவு, பண்டிகை, விடுமுறை போன்ற குடும்ப வழக்கங்கள் என்ன ஆயின என்று அவர்கள் விரிவாகக் கேட்டறிந்தனர். குடி அந்த வழக்கங்களையும் குலைத்துவிட்ட குடும்பங்களில், அது அடுத்த தலைமுறைக்கும் தொற்றுவது மிகுதியாகக் காணப்பட்டது. தந்தை குடித்தபோதிலும், கிறிஸ்து பிறப்பு நாளின் விருந்தையும் மாலை உணவையும் எப்படியோ காத்துக்கொண்ட குடும்பங்களின் பிள்ளைகள் தப்பிப்பதற்கு வாய்ப்பு மிகுதி. நூலைப் போல சேலை என்கிறோம். நூல் ஒன்றே ஆயினும், நெய்த தறி எப்படி இருந்தது என்பதும் கணக்கில் வருகிறது போலும்.

*

இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்தவற்றை, முடிவுகளை எழுதி வெளியிட்ட பிறகும் ஏன் காக்க வேண்டும்? எனக்கும் அந்த ஐயம் இருந்தது. அதைத் தீர்த்தது பாஸ்டன் நகரத்துப் பெட்டிகளின் கதை.

ஷெல்டன் குளூக், எலினார் குளூக் என்ற கணவனும் மனைவியும் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள். சீர்திருத்தப் பள்ளிகளிலிருந்த 500 சிறுவர்களையும், குற்றம் எதிலும் சிக்காத 500 சிறுவர்களையும் அவர்கள் ஆராய்ந்து, 1950-இல் ஒரு பெரிய நூலாக வெளியிட்டனர். வீட்டிற்குச் சென்று கண்டவை, பெற்றோரிடம் கேட்டவை, ஆசிரியர் சொன்னவை எல்லாம் தாள்களில் குறித்து வைத்திருந்தனர். பின்னும் அவர்களை 32 வயது வரை தொடர்ந்தனர். இருவரும் மறைந்தனர். தாள்கள் பெட்டிகளுக்குள் அடைந்து, ஹார்வர்ட் சட்டக் கல்லூரி நூலகத்தின் நிலவறையில் தூசி படிந்து கிடந்தன. 1980-களின் நடுவில் ஜான் லாப் என்ற ஆய்வாளர் அவற்றைக் கண்டெடுத்தார். அவரும் ராபர்ட் சாம்ப்சனும் பல ஆண்டுகள் உழைத்து அவற்றைச் சீர்ப்படுத்தினர். 1993-இல் அவர்கள் வெளியிட்ட நூல் ஒரு பழைய நம்பிக்கையை அசைத்தது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்கிறோம் அல்லவா? வளைகிறது என்றன அந்தப் பெட்டிகள். நல்ல இல்லறமும் நிலையான வேலையும் வாய்த்தபோது, சிறுவயதில் கெட்டவர் எனப் பெயரெடுத்த பலர் திருந்தினர். பின்னர் அவ்விருவரும், எழுபது வயதை நெருங்கிய அந்தச் சிறுவர்களில் 52 பேரைத் தேடிக் கண்டுபிடித்து நேரில் பேசினர்.

அதே ஆய்வின் மறுபாதியான, குற்றம் செய்யாத சிறுவர்களில் 456 பேரை ஜார்ஜ் வேலன்ட் என்ற மனநல மருத்துவர் தொடர்ந்து கவனித்து, 1983-இல் குடிநோயைப் பற்றிய புகழ்பெற்ற நூலை எழுதினார். குடிநோயாளிகள் பலர், "என் இளமை துன்பமாக இருந்தது, அதனால் குடித்தேன்" என்று கூறுவதுண்டு. ஆனால் அவர்கள் குடிக்கத் தொடங்குவதற்கு முன்பே எழுதிவைத்த தாள்களைப் புரட்டியபோது, காரணம் என்று எண்ணிய மனச்சோர்வும் துயரமும் பெரும்பாலும் குடியின் விளைவாகவே தோன்றின. குடும்பத்தில் குடி இருந்ததா, வளர்ந்த சமூகத்தில் குடிக்கும் வழக்கம் எப்படி இருந்தது என்பவையே முன்கூட்டி அறிவிக்கும் குறிகளாக இருந்தன. மனிதர் பொய் சொன்னார்கள் என்பதன்று. நினைவு அவ்வாறுதான் வேலை செய்கிறது. இன்றைய காயத்தின் வழியாகவே அது நேற்றைய வாழ்வைப் பார்க்கிறது.

அந்தப் பெட்டிகளை எவரேனும் இடத்திற்காக எரித்திருந்தால், இவற்றில் பாதியை நாம் அறிந்திருக்க மாட்டோம். குளூக் தம்பதியர் கேட்க நினைக்காத கேள்வியை, அவர்கள் மறைந்த பின் வந்தவர்கள் அதே தாள்களிடம் கேட்டனர். சேர்த்தவன் ஒருவன்; கேட்பவன் வேறொருவன். இடையில் காத்தவன் ஒருவன் தேவை.

*

ஆனால் தாள் வேறு, ஒளிநாடா வேறு. தாள் நிலவறையில் நாற்பது ஆண்டுகள் பொறுத்திருக்கும், நாடா பொறுக்காது.

மெல்லிய நெகிழிப் பட்டையின் மேல் காந்தத் துகள்களைப் பசைகொண்டு ஒட்டியதே ஒளிநாடா. ஈரக் காற்றை அந்தப் பசை உறிஞ்சிக்கொண்டு, நாளடைவில் பிசுபிசுக்கிறது. ஓட்டினால் துகள்கள் உரிந்து வருகின்றன. அத்தகைய நாடாக்களை ஏறத்தாழ 50 பாகை வெப்பத்தில் பல மணி நேரம் மெல்லச் சூடேற்றி, ஈரத்தைப் போக்கி, ஒருமுறையேனும் ஓடும் நிலைக்குக் கொண்டுவருகின்றனர். நாடா நன்றாக இருந்தாலும் ஓட்டுவதற்கு இயந்திரம் வேண்டுமே! வீடுகளில் நாம் கண்ட ஒளிநாடாக் கருவியை உலகில் கடைசியாகச் செய்துகொண்டிருந்த ஜப்பானிய நிறுவனம், 2016 ஜூலையில் அதை நிறுத்திவிட்டது. பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் முதியவர்களாகிவிட்டனர். இந்த ஆபத்தை உணர்ந்து, யுனெஸ்கோ அமைப்பும் பன்னாட்டு ஒலி, ஒளிக் காப்பகங்களின் சங்கமும் 2019-இல் உலகெங்கும் ஓர் எச்சரிக்கையை அனுப்பின.

பிரதியெடுப்பதிலும் குறுக்குவழி இல்லை. ஒரு மணி நேர நாடாவைப் பிரதியெடுக்க ஒரு மணி நேரம் ஆகும். ஆயிரம் நாடாவென்றால் ஆயிரம் மணி நேரம். எடுத்த பிரதியை ஒரே இடத்தில் வைக்காமல் மூன்றாகப் பெருக்கி, ஒன்றை வேற்றூரில் வைக்க வேண்டும். ஒவ்வொரு கோப்புக்கும் கணினி கணக்கிட்டுத் தரும் ஓர் எண்ணைக் குறித்துவைத்து, ஆண்டுதோறும் மீண்டும் கணக்கிட்டு, ஓர் எழுத்தும் சிதையவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். குறியீடுகளின் பொருளை விளக்கும் கையேட்டையும் நாடாவோடு சேர்த்தே காக்க வேண்டும். "பெயர்ச்சீட்டு உதிர்ந்த நாடா ஊமை, ஃபாதர். அதில் நால்வர் சண்டையிடுவார்கள், யார், எந்த ஆண்டு, எந்தக் கேள்விக்கு என்று எவருக்கும் தெரியாது" என்றார் அந்த அம்மையார்.

அதைவிடக் கடினமானது வேறொன்று. புள்ளிவிவரத் தாளிலிருந்து பெயரை நீக்கிவிட்டால் ஆளை அறிய முடியாமல் செய்துவிடலாம். முகத்திலிருந்து எதை நீக்குவது? முகத்தை மறைத்தால் ஆய்வுக்கே பயனில்லை. ஒரு புருவம் உயர்ந்ததா என்பதற்குத்தானே அத்தனை பாடும்? அந்த நாடாவில் ஒரு தந்தை தன் மகனை இழிவாகப் பேசுகிறான்; ஒரு தாய் அழுகிறாள்; ஒரு பையன் தான் திருடியதைச் சொல்கிறான். அவர்கள் அனைவரும் ஒரு வாக்குறுதியை நம்பி வாய் திறந்தவர்கள்.

அந்த வாக்குறுதியைச் சட்டமும் காத்து நிற்கிறது. 1970-ஆம் ஆண்டின் அமெரிக்கப் போதைப்பொருள் சட்டம், ஆய்வாளருக்கு ஒரு காப்புச் சான்றிதழ் பெற வழி செய்தது. அது இருந்தால், பங்கேற்றவரின் பெயரைச் சொல் என்று நீதிமன்றமும் அவரைக் கட்டாயப்படுத்த இயலாது. 2016 டிசம்பரில் வந்த சட்டம், நடுவண் அரசின் சுகாதார நிறுவனத்தின் பொருளுதவி பெறும் இத்தகைய ஆய்வுகளுக்கு அந்தக் காப்பைத் தானாகவே கிடைக்கச் செய்தது. இதைப் படித்தபோது என் நினைவு ஒப்புரவுத் தொட்டிக்குச் சென்றது. இரண்டும் ஒன்றல்ல. குருவின் மௌனத்திற்கு விலக்கே கிடையாது. குழந்தைக்குத் தீங்கு நேர்கிறது என்று அறிந்தால் ஆய்வாளர் அதைத் தெரிவித்தாக வேண்டும். ஆயினும் வேர் ஒன்றே. இரகசியம் காக்கப்படும் என்ற உறுதி இல்லாத இடத்தில் எவரும் உண்மையைப் பேச மாட்டார்.

பேசியதை எரித்துவிடுவதும் இரகசியம் காப்பதுதானே என்று சிலர் கேட்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் குடும்பங்கள் தங்கள் அவமானத்தைக் கொடுத்தது, வேறு பிள்ளைகள் பிழைக்கட்டும் என்றுதான். அந்தக் கொடையை அழிப்பதும் வாக்குத் தவறுவதே. ஆகவே காப்பவர்க்கு இரண்டு கடமைகள்: அழியவும் விடக் கூடாது, அம்பலமாகவும் விடக் கூடாது. பெயரும் எண்ணும் இணையும் பட்டியலைத் தனியே பூட்டி வைக்கிறார்கள். 2010-களில் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் அமைந்த ஓர் ஒளிப்பதிவுக் காப்பகத்தில், பொறுப்பேற்றுக் கையொப்பமிட்ட ஆய்வாளருக்கு மட்டுமே கதவு திறக்கும். பதிவிலிருப்போர் எந்த அளவுக்கு இசைந்தார்களோ, அந்த அளவுக்கு மட்டுமே பிறர் பார்க்க இயலும். காப்பது வேறு, காட்டுவது வேறு.

*

என் நண்பரின் கதைக்குத் திரும்புகிறேன். அவர் அந்த மையத்திற்கு ஒரு கடிதம் எழுதினார். எழுதுவதற்கு நானும் உதவினேன். மூன்று மாதம் கழித்து மறுமொழி வந்தது. முதலாண்டின் நாடாக்கள் நிலவறையில் நீர்க்குழாய் உடைந்ததில் கெட்டுவிட்டனவாம். ஆனால் 1987-ஆம் ஆண்டின் நாடா பிழைத்திருந்தது, பிரதியும் எடுக்கப்பட்டுவிட்டது. அதைக் காண வேண்டுமாயின், அதிலிருக்கும் உயிருள்ள அனைவரும் இசைவு தர வேண்டும் என்று அவர்களுடைய அறநெறிக் குழு முடிவு செய்திருந்தது.

தாய் அன்றே கையொப்பமிட்டார். வேறு மாநிலத்தில் வாழ்ந்த அண்ணன் மறுத்துவிட்டார்.

"அந்த மேசையில் அமர்ந்திருந்த பதின்மூன்று வயதுப் பையனை இனி எவரும் பார்க்க வேண்டாம், நீ உட்பட" என்று ஒரே வரியில் எழுதியிருந்தார்.

அந்தக் கடிதத்தோடு என்னிடம் வந்தபோது என் நண்பரின் கை நடுங்கிற்று. "அவர் என் தந்தை, ஃபாதர்! அவருடைய சிரிப்பைக் கேட்க, அண்ணனிடம் நான் கையேந்த வேண்டுமா?" என்றார்.

உண்மையைச் சொல்லுகிறேன்: என் மனம் அவர் பக்கமே நின்றது. மையத்தாரின் விதி இரக்கமற்றதாகத் தோன்றிற்று. அன்றிரவு உறக்கம் வரவில்லை. ஊரில் அப்போது காலை நேரம். அக்காளுக்குத் தொலைபேசியில் பேசினேன்.

நான் இதுவரை எந்த மேடையிலும் சொல்லாத ஒன்றை இங்கே சொல்லவேண்டியிருக்கிறது. என் தந்தையும் குடித்தவர். கொத்தனார். சனிக்கிழமை கூலி வாங்கியதும் அவருடைய கால்கள் எந்தத் திசைக்குப் போகும் என்று தெருவுக்கே தெரியும். எனக்கு நினைவிருப்பது சனிக்கிழமை இரவுகள் மட்டுமே. குருமடத்தில் சேர்ந்ததற்கு அழைத்தல் ஒரு காரணம். அந்த இரவுகளிலிருந்து தப்பியோடியது இன்னொரு காரணம். அவர் இறந்தபோது அடக்கத் திருப்பலியை நானே நிறைவேற்றினேன், கண்ணீர் வரவில்லை.

"அக்கா, அப்பா சிரித்ததை நீ பார்த்திருக்கிறாயா?" என்று கேட்டேன்.

மறுமுனையில் சிறிது நேரம் அமைதி. பிறகு அக்காள் சொன்னாள்: "என்ன தம்பி இப்படிக் கேட்கிறே? புதன், வியாழன்ல எல்லாம் உன்னை மடியில வச்சுக்கிட்டுப் புளியங்கொட்டையைப் பரப்பிக் கணக்குச் சொல்லிக் கொடுப்பாரே. ரசமட்டத்தைக் கையில கொடுத்து, குமிழி நடுவுல நிக்குதான்னு பார்க்கச் சொல்வாரு. நீ சரியாச் சொன்னா வீடே அதிரச் சிரிப்பாரு. உனக்கு ஞாபகமே இல்லையா?"

இல்லை. இன்றுவரை இல்லை. சனிக்கிழமைகள், புதன்கிழமைகளை விழுங்கிவிட்டன. எங்கள் வீட்டு மூலையில் எந்தக் கருவியும் இல்லை. எந்த அம்மையாரும் அமர்ந்து குறிப்பெடுக்கவில்லை. அக்காளின் நினைவு ஒன்றே எனக்கு இருக்கும் காப்பகம். அவள் காலத்திற்குப் பின் அதுவும் இல்லை.

அன்றைக்குத்தான் அந்த ஒளிநாடாக்களின் மதிப்பு எனக்கு முழுமையாக விளங்கிற்று. குடிப்பவரின் குடும்பத்தில் நினைவு, கொடிய இரவுகளையே பொறுக்கியெடுத்து வைக்கும். நாடா பொறுக்கியெடுப்பதில்லை. ஏசியதையும் வைக்கும், சிரித்ததையும் வைக்கும். இறந்தவருக்கு அது ஒரு நீதி. பிழைத்தவருக்கு அது ஒரு மருந்தாகலாம்.

மருந்தை வற்புறுத்தி ஊட்டலாகாது என்பதும் அதே இரவில் விளங்கிற்று. தம்பிக்குச் சிரிப்பாக இருப்பது, அண்ணனுக்கு எதுவாக இருந்ததோ! அந்த மேசையில் இருவரும் அமர்ந்தது ஒரே தந்தையின் முன்புதான்; ஆனால் பெற்ற அடிகள் ஒரே எண்ணிக்கையில் இருந்திருக்க வேண்டியதில்லை. மையத்தாரின் விதி இரக்கமற்றதன்று. அது பதின்மூன்று வயதுப் பையனுக்குக் கொடுத்த வாக்கை, அவன் நாற்பத்திரண்டு வயதான பின்னும் மறவாமல் நிற்கிறது.

மறுநாள் நண்பரிடம் சென்று இதையே என்னால் இயன்றவாறு சொன்னேன். "நாடா எங்கும் ஓடிவிடவில்லை. அதைக் காக்கிறார்கள். அண்ணனுக்கும் காலம் வேண்டும் அல்லவா? அழிந்துபோன நாடா எவருக்காகவும் காத்திருக்காது; காக்கப்பட்ட நாடா காத்திருக்கும்" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த ஞாயிறும் அதே கடைசி வரிசையில் அமர்ந்திருந்தார்.

2018-இல் நான் நாடு திரும்பினேன். இப்போது நம் பங்கு ஒன்றில் இருக்கிறேன். வீடு மந்திரிக்கச் செல்லும்போது, மாலை வேளையில் சில வீடுகளின் வாசலில் நின்றால் உள்ளே நடப்பது காதில் விழுகிறது. பத்து நிமிடம் போதும் என்று அந்த அம்மையார் சொன்னது அப்போது நினைவுக்கு வரும். மூலையில் ஐந்து வயதுப் பிள்ளை ஒன்று பேசாமல் அமர்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும். அந்தப் பிள்ளையின் நினைவுக்கு எந்த மாலையை நாம் கொடுக்கிறோம் என்று கேட்கத் தோன்றும். கேட்பதில்லை, வீட்டாரோடு சற்று நேரம் அமர்ந்து, எல்லோருமாகச் சேர்ந்து உண்ணும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வருகிறேன்.

கடந்த கிறிஸ்து பிறப்பு விழாவிற்கு அந்த நண்பரிடமிருந்து ஒரு வாழ்த்து மடல் வந்தது. கீழே, மின்கம்பி வேலை செய்பவரின் பெரிய எழுத்துகளில், இரண்டு வரிகள் சேர்த்திருந்தார்:

"அண்ணன் தொலைபேசியில் அழைத்தார். 'அந்த நாடா இன்னும் இருக்கிறதா?' என்று மட்டும் கேட்டார். இருக்கிறது என்றேன்."